பறக்கும் போர்க்கப்பல் சண்டையில் உயரக் கணக்கு: குன்னூர் மலைச்சரிவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பறக்கும் போர்க்கப்பல் சண்டையை நாங்கள் மேஜைமேல் ஆட்டமாக ஆடுகிறோம். எங்கள் மேஜைக்குப் புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் முதல் வேலையாகத் தங்கள் கப்பலை எல்லாருக்கும் மேலே கொண்டுபோய் நிறுத்துவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஒரு தம்பி 2,600 மீட்டரில் நின்றான். எதிரி 2,100 மீட்டரில், கிடையாக ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தான். "சுடறேன்" என்றான் தம்பி. பாகைமானியை வைத்துப் பார்த்தோம். குழல் 27 டிகிரி குனிந்தால்தான் குறி கிடைக்கும். அவன் பீரங்கியோ 15 டிகிரிக்கு மேல் குனியாது. "இது போங்குங்ணா" என்றான்.

போங்கு இல்லை. எந்த உயரத்தில் நிற்பது என்பதை அவன் கடைசியில் யோசித்திருக்க வேண்டும், முதலில் யோசித்துவிட்டான். காற்று, எடை, கோணம், குறி, மலை, அதன்பின் தந்திரம் என்ற வரிசையில் போனால் பாதிச் சண்டை வாய்த்தகராறு இல்லாமல் முடியும். கப்பல்கள் கற்பனைதான். காற்றும் ஈர்ப்பும் மலையும் நிஜம். கதை எழுதுகிறவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

மேஜை அளவு: 1 செ.மீ. = 100 மீட்டர். நீளத்துக்கும் உயரத்துக்கும் ஒரே அளவுதான். உயரத்துக்கு மட்டும் வேறு அளவு வைத்தால் கோணங்கள் எல்லாம் பொய்யாகிவிடும். முதல் மாதம் நாங்களே செய்த தப்பு இது.

மலைக்குத் தெர்மாகோல். ஒரு செ.மீ. தடிமனுள்ள ஒவ்வோர் அடுக்கும் 100 மீட்டர். மேஜைத்தளத்தை 300 மீட்டர், அதாவது ஏறக்குறைய மேட்டுப்பாளையத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூருக்குப் பதினைந்து பதினாறு அடுக்கு வரும். தொட்டபெட்டாவின் 2,637 மீட்டருக்கு இருபத்து மூன்றுக்கும் கொஞ்சம் மேலே.

கப்பலை நிறுத்த ஊட்டி உருளைக்கிழங்கில் பாதி, அதில் குத்திய தென்னந்துடைப்பக் குச்சி, குச்சியில் உயரம் காட்ட ஒரு ரப்பர் பேண்ட். முன்பு கேரம் காய்களை அடுக்கிப் பார்த்தோம். பதினைந்தாவது காயில் யாராவது தும்மினால் கடற்படையே கவிழ்ந்தது.

இன்னும் வேண்டியவை: ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானி, இரண்டு முழம் தையல் நூல், கால்குலேட்டர்.

2. உயரத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

ஒவ்வொரு கப்பலின் அட்டையிலும் மூன்று கட்டம் போடுங்கள்: கடல்மட்டத்திலிருந்து உயரம், காலடி நிலத்திலிருந்து உயரம், எதிரியிலிருந்து உயரம்.

மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. கடல்மட்ட உயரம் காற்றின் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது. அதிலிருந்துதான் தூக்கும் சக்தி, இன்ஜின் பலம், குண்டு போகும் தூரம் எல்லாம் வரும். நிலத்திலிருந்து உள்ள உயரம், கீழே இறங்க எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்கிறது. எதிரியிலிருந்து உள்ள உயரம் பீரங்கியின் கோணத்துக்கானது.

சமவெளியில் சண்டை வைத்தால் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மலையில் அப்படி இல்லை. குன்னூருக்கு மேல் 2,100 மீட்டரில் நிற்கும் கப்பலுக்குக் கீழே 250 மீட்டர்தான் இருக்கிறது. கல்லாறு பக்கம் 1,500 மீட்டரில் நிற்பவனுக்குக் காலடியில் ஆயிரம் மீட்டர் வெறும் வெளி. யார் உயரத்தில் இருக்கிறார் என்று கேட்டால் இரண்டு பேரும் கை தூக்கலாம்.

3. கப்பலின் எடையை அந்த உயரத்தில் போடுங்கள்

கப்பல் மந்திரக்கல்லில் மிதக்கிறது என்று வைத்திருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். வாயுப்பையில் மிதந்தால் தாண்ட முடியாது. பீரங்கியும் கவசமும் எத்தனை டன் என்பதை ஆட்டக்காரரின் ஆசை முடிவு செய்வதில்லை, காற்றுதான் முடிவு செய்கிறது.

கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.225 கிலோ. அதே இடத்தை ஹைட்ரஜன் அடைத்தால் 85 கிராம்தான். வித்தியாசமான 1.14 கிலோவைத்தான் அது தூக்கும். 2,000 மீட்டரில் காற்று 1.007 கிலோ, 2,500-ல் 0.957. இந்த உயரங்களில் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் குறைகிறது என்று வைத்தால் மேஜைக்குப் போதும்.

இரண்டு லட்சம் கனமீட்டர் பை என்று எடுத்துக்கொள்வோம். 245 மீட்டர் நீளமிருந்த ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மானிய ஆகாயக்கப்பலின் கொள்ளளவு அது. மேட்டுப்பாளையத்தில் முழுக்க நிரப்பினால் சுமார் 220 டன் தூக்கும். தொட்டபெட்டா உச்சியின் உயரத்தில் 175 டன். நடுவில் காணாமல்போன 45 டன்தான் நீங்கள் ஆசைப்பட்ட முன்பக்கக் கவசம்.

இங்கே எல்லாரும் ஒரு தப்புச் செய்வார்கள். அடிவாரத்திலேயே பையை முழுக்க நிரப்பிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பஸ் குன்னூர் போய்ச் சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். வாயுப்பையும் அப்படித்தான். வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளே வாயு விரியும். முழுக்க நிரப்பிய பை ஏற ஏற வால்வு வழியாக வாயுவைக் கக்க வேண்டும், இல்லையென்றால் கிழியும். தொட்டபெட்டா உயரத்தில் சரியாக நிறைய வேண்டுமென்றால் அடிவாரத்தில் எண்பது சதவீதம் நிரப்பினால் போதும். அப்படி நிரப்பினால் அடிவாரத்திலும் தூக்கும் எடை அதே 175 டன்தான். ஆகவே முதலில் உச்ச உயரம், அதன்பின் எடை, எடையில் மிச்சம் இருந்தால் பீரங்கி.

இறங்க வாயுவை வெளியே விட வேண்டும். ஏறப் பாரத்துக்காக ஏற்றிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். இரண்டுமே சண்டை முடியும்வரை திரும்பி வராது. அட்டையில் "தண்ணீர் 5, வாயு 5" என்று சின்னக் கட்டங்கள் போட்டு, பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். அப்போதுதான் ஆட்டக்காரர் லிஃப்டில் போவதுபோல மேலும் கீழும் போகமாட்டார்.

இன்ஜினையும் மறக்க வேண்டாம். ஊட்டி உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். 1917-ல் செப்பலின் என்ற ஜெர்மானிய வாயுப்பைக் கப்பல்கள் விமானங்களுக்கு எட்டாமலிருக்க 5,000 மீட்டருக்கு மேல் ஏறின. உள்ளே ஆட்கள் குளிரிலும் மூச்சுத்திணறலிலும் தவித்தார்கள், இன்ஜின் இழுக்கவில்லை. எட்டாத உயரத்துக்கு ஏற நினைப்பவர் இந்த விலையையும் கொடுத்தாக வேண்டும்.

4. பீரங்கி எவ்வளவு குனியும், எவ்வளவு நிமிரும்?

கப்பலின் பக்கவாட்டுப் படம் ஒன்றைக் காகிதத்தில் வரையுங்கள். பீரங்கியின் குழலைப் பாகைமானியோடு சுற்றிப் பார்த்து, எந்தக் கோணத்தில் சொந்த உடம்பே மறைக்கிறது என்று குறியுங்கள். மேல்தளத்துப் பீரங்கிக்குக் கீழே பார்க்கத் தளமே தடை. பைக்கு அடியில் கொண்டோலாவில், அதாவது ஆட்கள் இருக்கும் கூண்டில், தொங்கும் பீரங்கி கீழே தாராளமாகப் பார்க்கும், மேலே பார்த்தால் சொந்தப் பைதான் தெரியும். கடல் போர்க்கப்பலின் படத்தை அப்படியே காற்றில் தூக்கி வைத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கடலில் எதிரி எப்போதும் தண்ணீர்மட்டத்தில் இருப்பதால், பெரிய பீரங்கிகள் சில டிகிரிக்கு மேல் குனியத் தேவையே இருந்ததில்லை.

இனிக் கணக்கு. உயர வித்தியாசத்தைக் குனியும் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் உங்கள் அடிவயிற்றுக் குருட்டு வட்டத்தின் ஆரம் கிடைக்கும். அந்த வட்டத்துக்குள் நிற்கிற எதிரியை உங்களால் தொட முடியாது. 500 மீட்டர் மேலே இருக்கிறீர்கள் என்றால்:

5 டிகிரி குனிந்தால் வட்டம் 5.7 கி.மீ.
15 டிகிரி குனிந்தால் 1.9 கி.மீ.
30 டிகிரி குனிந்தால் சுமார் 870 மீட்டர்.

இன்னும் மேலே ஏறினால் வட்டம் அதே விகிதத்தில் பெருக்கும். தம்பி 2,600-க்கு ஏறியபோது செய்தது இதைத்தான்: தன் காலடியில் தானே ஒரு பெரிய இருட்டை விரித்துக்கொண்டான்.

5. குறி வைக்கும் தூரம்

நூலைக் கப்பலிலிருந்து கப்பலுக்கு இழுத்து அளந்தால் கிடைப்பது சாய்வுத் தூரம். அதை அப்படியே குண்டின் அட்டவணையில் (எவ்வளவு தூரத்துக்குக் குழலை எவ்வளவு தூக்க வேண்டும் என்ற பட்டியல்) போட்டால் குண்டு எதிரியின் தலைக்கு மேலே போகும். மேலே பார்த்துச் சுட்டாலும் மேலேதான், கீழே பார்த்துச் சுட்டாலும் மேலேதான். "மேலே சுடும்போது குண்டு சீக்கிரம் விழும், கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும்" என்று எல்லாருக்கும் தோன்றும். தப்பு.

காரணம் எளிது. குண்டைப் பாதையிலிருந்து வளைக்கிறது ஈர்ப்பு. பாதை சாய்ந்திருக்கும்போது ஈர்ப்பின் ஒரு பகுதி பாதையோடு சேர்ந்து போய்விடும், வளைக்க மிச்சமிருப்பது குறைவு. விநாடிக்கு 500 மீட்டர் போகும் குண்டு, 2,000 மீட்டர் தூரத்தில், காற்றுத்தடையை விட்டுவிட்டால், சமமட்டத்தில் 78 மீட்டர் தாழும். அதே தூரத்தை 30 டிகிரி சாய்வில் சுட்டால் 68 தான். பத்து மீட்டர் மேலே போய்விடும். பெரிய பைக்கு அது பரவாயில்லை, கொண்டோலாவைக் குறி வைத்தவனுக்குப் போச்சு.

மேஜையில் செய்யவேண்டியது: எதிரியின் குச்சியிலிருந்து உங்கள் குச்சிவரை கிடையாக அளந்துகொள்ளுங்கள். அந்தக் கிடைத்தூரத்தைத்தான் அட்டவணையில் தேட வேண்டும்.

6. உயரம் எந்தக் குண்டுக்கு உதவும்?

மேலிருந்து சுட்டால் அடி பலமாக விழும் என்பது பாதி உண்மை. 1,000 மீட்டர் கீழே சுட்டால் 500 மீட்டர் வேகக் குண்டு 519 ஆகும், மேலே சுட்டால் 480. இதற்காக ஒரு விதி எழுதுவது வீண்.

மெதுவான மார்ட்டர், அதாவது குண்டை வளைவாக எறியும் குட்டைக் குழல் பீரங்கி, என்றால் கதை வேறு. விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு ஆயிரம் மீட்டர் இறங்கும்போது 205 ஆகிறது. ஏறும்போது 54-க்குத் தேய்ந்து, ஏறக்குறைய கையால் பிடிக்கிற மாதிரி வந்து சேரும். ஆகவே மேலே போகப் போகிறவர் மார்ட்டரும் போடுகுண்டும் வாங்கட்டும், கீழே இருப்பவர் நீளக் குழல் வாங்கட்டும்.

போடுகுண்டு 500 மீட்டர் விழப் பத்து விநாடி ஆகும். அதற்குள் விநாடிக்கு 20 மீட்டர் போகும் கப்பல் 200 மீட்டர் நகர்ந்துவிடும். ஆனால் குண்டும் போட்ட கப்பலின் வேகத்தோடுதான் விழுகிறது. இரண்டு கப்பலும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் நேர் மேலேயிருந்து போட்டாலே போதும். கீழே இருப்பவர் தப்ப நினைத்தால் வேகத்தையாவது திசையையாவது மாற்ற வேண்டும். நேராக ஓடினால் மேலேயிருப்பவருக்கு உதவி செய்கிறார் என்று அர்த்தம்.

7. மெல்லிய காற்றின் இரண்டு திருத்தங்கள்

ஒன்று, காற்று மெலிந்தால் தடை குறையும், குண்டு தூரம் போகும். சமவெளி அட்டவணையை வைத்து மலையுச்சியில் சுட்டால் குண்டு தாண்டி விழும். எங்கள் விதி: 2,000 மீட்டருக்கு மேல் திருத்தம் செய்யாமல் சுட்டால் முதல் குண்டு எப்போதும் வீண்.

இரண்டு, குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸ். வெடிமருந்து எரிந்து நேரம் காட்டும் பழைய வகை ஃபியூஸ், அழுத்தம் குறைந்த இடத்தில் மெதுவாக எரியும். அடிவாரத்தில் சரியாக வெடித்தது மேலே தாமதமாக வெடிக்கும், எதிரியைக் கடந்தபின். கடிகாரப் பொறி வைத்த ஃபியூஸுக்கு இந்தக் குறை இல்லை. அதற்கு எங்கள் ஆட்டத்தில் இரட்டை விலை.

8. மலையை மேஜைக்குக் கொண்டுவாருங்கள்

நூல் தெர்மாகோலைத் தொட்டால் பார்வை இல்லை. வேறு விவாதம் வேண்டாம். லாம்ப்ஸ் ராக் பக்கத்து முகடுகளுக்குப் பின்னால் பதுங்கும் கப்பலை நேர்க்குழல் பீரங்கி தொடாது, மார்ட்டர் மட்டும் தாண்டிப்போய் விழும்.

மஞ்சு, அதாவது மூடுபனி, அடுத்தது. குன்னூர் மலைப்பாதையில் காலை நன்றாகத் தெளிந்திருக்கும். மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கிலிருந்து புகைபோல ஏறி வரும். காட்சிமுனையில் நின்று எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே டீ வாங்கி, ஊதி முதல் வாய் குடிப்பதற்குள் எதிரே வெள்ளைச் சுவர். ஆகவே நான்காவது சுற்றிலிருந்து பஞ்சு வையுங்கள், சுற்றுக்கு 100 மீட்டராக ஏற்றுங்கள். பஞ்சுக்குள் இருப்பவருக்கு வெடியின் ஒளி தெரியாவிட்டாலும் சத்தம் கேட்கும். வெளியே இருப்பவருக்கு ஒளியும் சத்தமும் கிடைக்கும், இரண்டுக்கும் நடுவில் மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். மலை எதிரொலிக்கும் என்பதால் திசையை மட்டும் நம்பாதீர்கள்.

மஞ்சுக்கு மேலே மிதப்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெயிலில் அவர் நிழல் அந்த வெள்ளைமேல் தெளிவாக விழும், எல்லாருக்கும் தெரியும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் வெயில் முதுகில் படும்போது, கீழே மேகத்தில் தன் நிழலையே பார்த்தவர்களுக்கு இது புரியும். காலைச் சண்டையில் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வருகிறவருக்குச் சூரியன் பின்னால் இருக்கும். மாலையில் அந்தச் சலுகை ஊட்டிக்காரருக்கு.

காற்றைப் பற்றி ஒரு வரி: தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முகட்டைத் தாண்டிக் கீழே இறங்கும்போது கப்பலையும் கூட இழுக்கும். முகட்டின் கிழக்கே 10 செ.மீ. வரை சுற்றுக்கு ஒரு செ.மீ. இறக்கம் என்று வையுங்கள்.

பழனி மலையை விரும்புகிறவர்கள் பெரியகுளம் பக்கத்துத் தென்சரிவை எடுங்கள். சுவர்போல் இறங்குவதால் தெர்மாகோல் வெட்டுவது சுலபம்.

9. தந்திரம் இப்போதுதான்

ஒரு சண்டையை முழுக்கப் போட்டுப் பார்ப்போம். மேல்கப்பல் குன்னூருக்கு மேல் 2,100 மீட்டரில், பை நிறையும் உச்ச உயரமும் அதுவே. பீரங்கி 15 டிகிரி குனியும். கீழ்க்கப்பல் கல்லாற்றிலிருந்து 1,500 மீட்டரில் வருகிறது. பீரங்கி 40 டிகிரி நிமிரும். வித்தியாசம் 600 மீட்டர்.

மேல்கப்பலின் குருட்டு வட்டம் 2.2 கி.மீ. கீழ்க்கப்பலால் நிமிர்ந்து சுட முடியாத வட்டம் 715 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம். அங்கே கீழே இருப்பவர் சுடலாம், மேலே இருப்பவர் வேடிக்கைதான் பார்க்கலாம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நெருங்கினால் வளையத்தைக் கடக்க 75 விநாடி. இருபது விநாடிக்கு ஒருமுறை சுடும் பீரங்கிக்கு நான்கு இலவசக் குண்டு. சண்டையே இந்த நான்கு குண்டுகள்தான்.

ஆகவே கீழ்க்கப்பல் மஞ்சுக்குள் மறைந்து நெருங்கி, வளையத்துக்குள் வரும்வரை எதிரியின் பார்வையில் படாமல் இருக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டி மேலே ஏறத்தான் கை பரபரக்கும். கொட்டினால் வித்தியாசம் குறைந்து, தன் சாதகமான வளையத்தைத் தானே சுருக்கிக்கொள்வார். முக்கால்வாசிப் பேர் இரண்டாவது சுற்றிலேயே கொட்டிவிடுகிறார்கள்.

மேல்கப்பலுக்கு மூன்று வழி. தூரத்தை 2.2 கி.மீ.க்கு மேலேயே வைத்துப் பின்வாங்கிக்கொண்டே சுடுவது முதல் வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான். மூக்கை ஐந்து டிகிரி தாழ்த்துவது இரண்டாவது. முன்பக்கத்தில் மட்டும் வட்டம் 1.65 கி.மீ.க்குச் சுருங்கும், ஆனால் தாழ்ந்த மூக்கோடு முன்னே போனால் கப்பலும் இறங்கும். மூன்றாவது, வாயுவை விட்டு 200 மீட்டர் இறங்குவது. வட்டம் 1.5 கி.மீ. ஆகும். ஆனால் இரண்டாவது படியில் எழுதிய நடுக்கட்டத்தைப் பாருங்கள்: கீழே இருப்பது 250 மீட்டர். 200 இறங்கினால் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் வயிற்றை உரசும் தூரம்தான், திரும்ப ஏறத் தண்ணீர்க் கட்டம் மிச்சமிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் இறங்கி, ஒரு குண்டுகூட வாங்காமல் தெர்மாகோலில் உட்கார்ந்த கப்பல்கள் இதுவரை மூன்று.

10. குண்டு தீரும்போது

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் பாதியில் கெட்டுவிடும். சுட்ட ஒவ்வொரு குண்டும் கப்பலிலிருந்து இறங்கிய எடை. நூறு கிலோ குண்டு நாற்பது சுட்டால் நான்கு டன். அதே இரண்டு லட்சம் கனமீட்டர் பையோடு 2,100 மீட்டரில் 185 டன் தூக்கும் நம் மேல்கப்பல் அதனால் மட்டும் சுமார் 200 மீட்டர் மேலே போய்விடும். வித்தியாசம் 600-லிருந்து 800 ஆகி, குருட்டு வட்டம் 2.2-லிருந்து 3 கி.மீ. ஆகும். பை நிறையாத கப்பலாக இருந்தால் நிறையும் உயரம்வரை நிற்காமல் ஏறும்.

தடுக்க வாயுக் கட்டம் ஒன்றை அடிக்கலாம். அடிக்காவிட்டால் பத்துக் குண்டுக்கு ஒருமுறை ரப்பர் பேண்டை அரை செ.மீ. மேலே தள்ளுங்கள். தள்ளும் வேலையை ஆட்டக்காரர் கையில் விடாதீர்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்து கடலை தின்பவரிடம் கொடுங்கள்.